ஸ்கேன் 'சுத்தம்' என்று சொன்ன பிறகு செய்த வேலைகள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்றதும் எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஸ்கேன் போடு, ஃபார்மட் அடி, முடிந்தது. என் சித்தப்பா கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்த பிறகு சொல்கிறேன், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஓடிப்போய்ச் செய்ய வேண்டியவை வேறு.

சித்தப்பா மும்பையில் சயான் கோலிவாடாவில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறார். தாராவியில் தோல் பை தைக்கிறவர்கள், துணிப் பட்டறைக்காரர்கள், இரண்டு மளிகைக் கடை, எல்லோரும் நெல்லைப் பக்கத்து ஆட்கள்தான். ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரிக் கணக்கு என்று எல்லாமே அந்த ஒரு டெஸ்க்டாப்பில். அவர் மெயிலிலிருந்து அவர் அனுப்பாத ஒரு ஜிப் ஃபைல் கஸ்டமர்களுக்குப் போயிருந்தது. 'இன்வாய்ஸ்' என்று பெயர். பக்கத்தில் ஒரு கடையிலிருந்து பையன் வந்து ஆன்டிவைரஸ் போட்டு ஓட்டினான். எதையோ பிடித்தது, நீக்கியது, மறுபடி ஓட்டினால் 'சுத்தம்' என்றது. அடுத்த நாளே இன்னொரு சுற்று மெயில் போனது. அப்போதுதான் சித்தி எனக்கு ஃபோன் செய்தாள். நான் வாஷியில் ஒரு அலுவலகத்தில் ஐடி சப்போர்ட் வேலை பார்க்கிறேன்.

ஃபோனிலேயே இரண்டு விஷயம் சொன்னேன். நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர் யூஎஸ்பி டோக்கன் சொருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். ரிட்டர்னில் டிஜிட்டல் கையெழுத்துப் போட உதவும் அந்த டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவியை யாரும் நகல் எடுத்துப்போக முடியாது. ஆனால் சொருகியபடியே கிடந்து, பின் நம்பரும் களவு போயிருந்தால், அதைக் கொண்டு கையெழுத்துப் போட வாய்ப்பு இருக்கிறது.

போய்ச் சேர்ந்ததும் சித்தப்பாவிடம் கேட்டேன், சமீபத்தில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்று. யோசித்துவிட்டுச் சொன்னார்: "பிடிஎஃப் ரெண்டை ஒண்ணா சேர்க்க ஒரு சைட்டுக்குப் போனேம்மா. ரோபோ இல்லைன்னு காட்டச் சொல்லுச்சு. எப்பவும் டிராஃபிக் லைட் படம் காட்டும்லா, இந்தத் தடவை கீபோர்டுல அமுக்கச் சொல்லுச்சு."

விண்டோஸ் பட்டனோடு ஆர், அப்புறம் கன்ட்ரோலோடு வி, அப்புறம் என்டர். இதுதான் அந்தப் பக்கம் சொல்லிக் கொடுத்தது. இந்த ஏமாற்று வேலைக்கு கிளிக்ஃபிக்ஸ் என்று கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையில் பெயர் வைத்திருக்கிறார்கள். 2024-இலிருந்து பரவலாக நடக்கிறது. பெட்டியில் டிக் அடித்த நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு பவர்ஷெல் கட்டளையை (விண்டோஸிடம் எழுத்திலேயே வேலை வாங்கும் கருவி அது) கிளிப்போர்டில் காப்பி செய்து வைத்துவிடும். மிச்சம் மூன்று படியையும் நாமே செய்து அதை ஓட்டிக் கொடுக்கிறோம்.

விண்டோஸும் ஆரும் அமுக்கினால் வருகிற, கட்டளை ஓட்டும் ரன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடைசியாக ஓட்டியது அப்படியே நின்றது. கண்ணுக்குத் தெரிந்தது 'ஐ ஆம் நாட் எ ரோபோ, வெரிஃபிகேஷன் ஐடி' என்று ஒரு வரியும் ஏதோ எண்ணும் மட்டும்தான். கர்சரை இடது பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், நீளமாக ஒரு பவர்ஷெல் கட்டளை, ஜன்னல் தெரியாமல் ஓடு என்ற உத்தரவோடு. அந்தப் பெட்டி குட்டையானது. ஒட்டியதன் வால்தான் அதில் தெரியும். வாலில் நல்ல பேச்சு, தலையில் விஷம். முப்பது வருடம் கணக்குப் பார்த்த மனிதர், ஒரு பைசா விடமாட்டார். அவர் கண்ணில் படாதபடிதான் செய்திருந்தார்கள். இதில் மாட்டுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வழியில் வருவது பெரும்பாலும் இன்ஃபோஸ்டீலர் வகை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், சில ஃபைல்கள் என எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டுப் பல சமயம் தன்னையே அழித்துக்கொள்ளும். பிறகு ஸ்கேன் போட்டால் சுத்தம் என்றுதானே வரும்? லும்மா என்ற ஒரு ஸ்டீலரை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் பல நாட்டுக் காவல் அமைப்புகளும் சேர்ந்து முடக்கினார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் உலகம் முழுக்க 3,94,000-க்கும் அதிகமான விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. சித்தப்பா கம்ப்யூட்டரில் வந்தது எது என்று நான் தேடிக்கொண்டிருக்கவில்லை. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

என் லேப்டாப்பிலிருந்து அவருடைய கூகுள் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பட்டியலைப் பார்த்தோம். அவர் ஃபோன், அவர் டெஸ்க்டாப், கூடவே வெளிநாட்டில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். சித்தி கேட்டாள், "ஓடிபி வந்தாத்தானே உள்ள போக முடியும்?" நியாயமான கேள்வி. லோக்கல் ட்ரெயினில் பாஸ் எடுத்து வைத்திருப்பவரிடம் மறுபடி யாரும் டிக்கெட்டுக்குக் காசு கேட்பதில்லை. ஒருமுறை லாகின் செய்ததும் பிரவுசருக்குள் உட்காரும் குக்கீ அந்தப் பாஸ் மாதிரி. அதைத் திருடிக்கொண்டு போனவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. கடைக்காரப் பையன் கம்ப்யூட்டரைத் துடைத்த பிறகும் மெயில் போனது இதனால்தான். மெயில் அனுப்பியவன் சயான் கோலிவாடாவிலேயே இல்லை.

பாஸ்வேர்டை மாற்றினோம். தெரியாத சாதனத்தை வெளியேற்றினோம், டெஸ்க்டாப்பையும்தான். ரெகவரி ஃபோன், ரெகவரி மெயில் அவருடையதே என்று உறுதி செய்தோம். கணக்கோடு இணைந்திருந்த வெளி ஆப்களில் தெரியாததை எடுத்தோம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது. ஃபில்டரில் ஒன்று இருந்தது: 'இன்வாய்ஸ்' என்ற சொல் வருகிற மெயிலெல்லாம் படித்ததாகக் குறிக்கப்பட்டு நேரே குப்பைக்குப் போகட்டும். "அண்ணாச்சி, இது நீங்க அனுப்பினதுதானா?" என்று கஸ்டமர்கள் கேட்டு எழுதிய பதில்கள் அத்தனையும் குப்பையில் கிடந்தன. சித்தப்பா அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பேங்க் நெட்பேங்கிங் பாஸ்வேர்டை அவர் ஃபோனிலிருந்தே மாற்றினோம். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் முதல் வேலையாக சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடித்திருக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த முடியும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் ஒரு புகார் மட்டும் பதிவு செய்தோம். நாளைக்கு யாராவது 'உங்கள் மெயிலிலிருந்துதான் வந்தது' என்றால் காட்ட ஒரு எண் வேண்டும்.

பெரிய வேலை கஸ்டமர் கணக்குகள். எல்லோருடைய ஜிஎஸ்டி, வருமான வரி பாஸ்வேர்டுகளும் குரோமில் சேமித்து இருந்தன. அத்தனையும் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். சித்தப்பா ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்தார். மறைக்கவில்லை. "என் கம்ப்யூட்டர்ல திருட்டு நடந்திருக்கு. அந்த ஜிப்பைத் திறக்காதீங்க. உங்க பாஸ்வேர்டை இப்பவே மாத்தணும், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று ஊரே சொல்லும் காலத்தில் இதைக் கேட்க வேண்டியிருந்தது. ஒருவர் நம்பாமல் நேரில் வந்து, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தானே மாற்றினார். அவர் செய்ததுதான் சரி. அதைப் பார்த்த பிறகு, வர முடிந்தவர்களை எல்லாம் வரச் சொன்னோம். வருமான வரித் தளத்தில் இ-ஃபைலிங் வால்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆதார் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இல்லாமல் உள்ளே விடாது. யாருமே அதைப் போட்டிருக்கவில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டோம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்யக் கை வைத்தேன். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திறந்தால் முழு சி டிரைவும் அதில் இருந்தது. அதாவது எங்கேயும் பார்க்காதே என்று டிஃபெண்டருக்கே சொல்லி வைத்துவிட்டது. தானாக ஓட வேண்டியவற்றைக் குறித்து வைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் பிரவுசர் அப்டேட் மாதிரி பெயரில் ஒரு வேலை, லாகின் செய்யும்போதெல்லாம் பவர்ஷெல்லைக் கூப்பிட. இரண்டையும் நீக்கி, டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டியிருக்கலாம். விளம்பரம் காட்டுகிற சில்லறை விஷயம் என்றால் அது போதும். இங்கே போதாது. நான் கண்டுபிடித்தது இரண்டு, கண்டுபிடிக்காதது எத்தனை? மற்றவர்கள் பான் நம்பரும் ஆதாரும் கிடக்கிற மெஷினில் அந்தச் சந்தேகத்தோடு நாளைக்கு அவரை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. சுத்தமாகத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது என்று முடிவு செய்தேன்.

ஃபைல்களை எடுக்க அந்த விண்டோஸைத் திறக்கவில்லை. விண்டோஸ் இல்லாமலேயே ஓடும் உபுண்டு என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை பென் டிரைவிலிருந்து ஓட்டி, எக்ஸெல், பிடிஎஃப், டேலி டேட்டா ஃபோல்டர் மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ஓட்டக்கூடிய ஃபைல் எதையும் தொடவில்லை. எடுத்ததை என் லேப்டாப்பில் ஸ்கேன் செய்தேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. இந்த மெஷின் 11-ஐத் தாங்கும் என்பதால் நேரே அதற்குப் போனோம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் நிறுவும் கருவியை இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் போட்டு, பழைய பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவினேன். லைசென்ஸ் நெட் இணைத்ததும் தானாகவே ஏறிக்கொண்டது.

அப்புறம் பூட்டு போடுகிற வேலை. சித்தப்பாவுக்கு அன்றாட வேலைக்கு சாதாரண யூஸர் கணக்கு, அட்மின் கணக்கு தனி. ஒன்று சொல்ல வேண்டும்: அட்மின் அனுமதி இல்லாமலேயே ஸ்டீலரால் பிரவுசர் பாஸ்வேர்டைத் திருட முடியும். ஆனால் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டுவதற்கு அட்மின் வேண்டும், அது இனி எளிதில் நடக்காது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றம் செய்து அவர் கணக்கில் ரன் பெட்டியையே மூடிவிட்டேன். அவருக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. ஃபைல் என்ன வகை என்று காட்டும், பெயரின் கடைசி எழுத்துகள் தெரியும்படி வைத்தேன். விளம்பரத் தடுப்பான் போட்டேன். பாஸ்வேர்டுகள் குரோமிலிருந்து பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு பெட்டகத்துக்குப் போயின, ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனித்தனியாக, நீளமாக. வெளி ஹார்ட் டிஸ்க்கில் சனிக்கிழமை மட்டும் பேக்கப், முடிந்ததும் கழற்றி பீரோவில். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர், சொருகியே இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

ஸ்கேன் செய்ய இலவசக் கருவி வேண்டுமென்றால் கண்ட சைட்டுக்கும் போக வேண்டாம். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் கொடுக்கிறார்கள், 2017-இலிருந்து.

ஒரே ஒரு கணக்கு மட்டும் இழுத்தது. பை தைக்கும் ஒருவருடைய ஜிஎஸ்டி கணக்கில் இருந்தது எப்போதோ கைவிட்ட ஃபோன் நம்பர், மெயிலும் முன்னாள் கணக்கருடையது. ஓடிபி எங்கே போகிறது என்றே தெரியாது. இப்படி இருந்தால் சம்பந்தப்பட்ட வரி அதிகாரியிடம் ஆவணங்களோடு நேரில் போக வேண்டும். சித்தப்பாவும் அவரும் மஜ்காவ் ஜிஎஸ்டி பவனுக்குப் போனார்கள். அதிகாரி புதிய நம்பரையும் மெயிலையும் ஏற்றிக் கொடுத்தார், தற்காலிக பாஸ்வேர்டு அந்த மெயிலுக்கு வந்தது. அதை மாற்றியதோடு பட்டியலில் கடைசிப் பெயரையும் அடித்தோம்.