கொடுவா கடிச்சுதா, பாலம் கடிச்சுதா?

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை, உப்பங்கழி ஓரம். "மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு!" என்று ஒரு சத்தம். தூண்டில் ராடு வில்லாக வளைந்து நிற்க, புதிதாகக் கொடுவா மீன் பிடிக்க வந்தவர் முகத்தில் தலைப்பிள்ளை பிறந்த பூரிப்பு. பக்கத்தில் கைத்தூண்டில் போட்டிருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பார்.

"தம்பி, தலையை உதறுதா?"

"இல்லண்ணே, கெட்டியாப் புடிச்சு நிக்குது."

"அப்ப அது பாலம்."

முட்டுக்காடோ பழவேற்காடோ, புதுசாக வரும் எல்லோருக்கும் முதல் மீன் பாலத்தூண்தான். கொடுவா மாட்டினால் ராடு நுனி டக் டக்கென்று ஆடும். தூண் ஆடாது. தூணோடு மல்லுக்கட்டி ராடை மேலே மேலே தூக்கினால் உடைவது ராடு. நூலைக் கொஞ்சம் தளர்த்தி, பத்தடி தள்ளிப் போய் எதிர்ப்பக்கத்திலிருந்து லேசாகச் சுண்டிப் பாருங்கள். பாதி நேரம் வந்துவிடும். வராவிட்டால் ராடை நூலின் நேர்க்கோட்டில் நீட்டிக்கொண்டு பின்னால் நடந்து அறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிரெய்டை, அதாவது பின்னல் நூலை, கையில் சுற்றி இழுத்தால் விரலைத்தான் அறுக்கும்.

அந்த பிரெய்ட் விஷயத்துக்கு வருவோம். 7 அடி ராடு, 3000 அல்லது 4000 சைஸ் ரீல், 20 பவுண்டு தாங்கும் பிரெய்ட் இருந்தால் நம் கழிமுகங்களுக்குத் தாராளம். ஆனால் பிரெய்டின் நுனியில் நேராக முள்ளைக் கட்டிவிட்டு "கொடுவா அறுத்துட்டுப் போயிருச்சு" என்று புலம்புவது ஒரு வாராந்திரச் சடங்கு. கொடுவாவின் வாய்க்குள் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. செவுள் மூடியின் ஓரம் பிளேடு. அதனால் நடுவில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 பவுண்டு நைலான் நரம்பை லீடராகக் கட்டவே வேண்டும். முடிச்சை எச்சில் தொட்டு ஈரப்படுத்தி இறுக்குங்கள். காய்ந்த நரம்பு உராய்ந்து சூடாகி, மீன் வருவதற்கு முன்பே பலத்தை இழந்திருக்கும்.

இன்னொரு கூத்து உண்டு. மீன் இழுக்க, ரீலில் நூல் ஓட, நூலுக்கு பிரேக் மாதிரி இருக்கும் டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. "டூப்ளிகேட் ரீலைத் தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரரின் பரம்பரைக்கே அர்ச்சனை நடக்கும். ரீல் பாவம், ஒழுங்காகத்தான் இருக்கும். ரீலில் நூல் சுற்றும் வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டை நேராகச் சுற்றினால் பிடிமானம் கிடையாது. சுற்றிய நூல் மொத்தமும் வளையல் மாதிரி அப்படியே சுழலும். முதலில் பத்துச் சுற்று சாதா நரம்பு, அதன்மேல் பிரெய்ட். முடிந்தது.

டிராக் எவ்வளவு இருக்கலாம்? நூல் பலத்தில் கால்வாசி. 20 பவுண்டு நூலுக்கு ரெண்டு கிலோ சொச்சம். தராசு வேண்டாம், 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நூலில் கட்டி, ராடால் மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டுக் கிளம்பியதும் ரீல் "கிர்ர்" என்று நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் சரி. இதை மொட்டை மாடியில் செய்யுங்கள். ஹாலில் செய்தால் ஃபேன் இருக்கிறது.

இனி தண்ணீர். கொடுவா இரையைத் தேடி அலைகிற ஜாதி இல்லை. தூணுக்குப் பின்னாலோ அலையாத்தி வேருக்குள்ளோ நின்றுகொண்டு, ஓட்டத்தில் வரும் இறாலையும் மடவைக் குஞ்சையும் வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். தண்ணீர் ஓடாவிட்டால் சாப்பாடு வராது, அதுவும் அசையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் வத்தமும், அதாவது கடல் தண்ணீர் ஏறுவதும் வடிவதும், பலமாக இருக்கும். அஷ்டமி, நவமி வாக்கில் நிலா பாதியாக இருப்பதால் ஓட்டம் சோம்பிவிடும். அஷ்டமியில் நல்ல காரியம் ஆகாது என்று பாட்டி சொன்னது தூண்டிலுக்கும் பொருந்தித் தொலைக்கிறது.

போனில் ஓத நேரம் பார்த்து அலாரம் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் காட்டுவது துறைமுக நேரம். முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போகத் தண்ணீர் திரும்புவது தாமதமாகும், சில இடங்களில் மணிக்கணக்கில். ஒருநாள் பார்த்து வைத்த நேரம் மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரமே மூடிக்கிடந்தால் அந்த அட்டவணை வெறும் வால்பேப்பர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய் உடைந்து கழி கடலோடு சேர்ந்த பிறகுதான் அதற்கு மரியாதை.

நல்ல நேரம் எதுவென்றால், வத்தம் தொடங்கி முதல் ஒன்றிரண்டு மணி, அதுவும் விடியலிலோ அந்தியிலோ அமைந்தால். சின்ன ஓடை பெரிய கழியில் கலக்கும் வாயில், ஓட்டத்துக்கு மேல்பக்கமாக வீசி, மூன்று அங்குல ரப்பர் மீனை 10 கிராம் ஜிக் தலையோடு (முள் பதித்த ஈயக் குண்டு) ஓட்டத்திலேயே இறங்க விடுங்கள். இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம். நிறுத்தும்போதுதான் "டொப்" என்று கடிக்கும். புதியவர்கள் வீசிய வேகத்தில் பின்னால் போலீஸ் துரத்துவது போலச் சுற்றுவார்கள்.

ரப்பர் மீனின் வால் மட்டும் கத்தரித்த மாதிரி போயிருந்தால், அது பேத்தை. ஒரு பாக்கெட் வாலையும் தின்றுவிட்டு, கடைசியில் தானே மாட்டி, மேலே வந்ததும் பலூனாக உப்பிக் கொண்டு முறைக்கும். விஷமீன், குழம்புக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். கெளுத்தி வந்தால் முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தும், வெறுங்கையால் பிடிக்காதீர்கள்.

நட்ட கழிகளும் வலையும் தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். பழவேற்காட்டில் பாடு முறை என்று உண்டு. எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். லூர், அதாவது ரப்பர் மீன் மாதிரிப் பொய் இரை, வலையில் சிக்கினால் வலையை அறுக்காமல் லூரை மறந்துவிடுங்கள்.

ஒருவழியாக நிஜக் கொடுவா மாட்டியதா? அது தண்ணீருக்கு வெளியே எகிறித் தலையை உதறும் அந்த நொடியில் எல்லோரும் ராடை வானத்துக்குத் தூக்குவார்கள். லூர் தெறித்து, போட்டோ எடுக்கக் குனிந்தவரின் சட்டைக் காலரில் உட்காரும். எகிறும்போது ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் குட்டிக் கொக்கியைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் சட்டையும் பிழைக்கும், மீனையும் சுலபமாக விடலாம். சின்னதை விட்டுவிடுங்கள். கொடுவா பெரும்பாலும் ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். அதனால் குட்டியைத் தூக்கினால் அப்பா அம்மா ரெண்டு பதவியும் காலி.

ஒன்றும் கிடைக்காவிட்டால் வழியில் மீன் வாங்கிப் போய் "நான் பிடிச்சது" என்று சொல்வது பழைய வழக்கம். செய்வதானால் ஒன்று மட்டும் வாங்குங்கள், காரணம் இருக்கிறது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்தது. பண்ணையில் பெரிது சிறிதைத் தின்றுவிடும் என்பதால் அளவு பார்த்துப் பிரித்துப் பிரித்துத்தான் வளர்ப்பார்கள். மார்க்கெட்டில் அச்சில் வார்த்த மாதிரி அடுக்கியிருப்பது பெரும்பாலும் அந்தப் பண்ணைக் கொடுவாதான். ஆசைப்பட்டு மூன்று வாங்கிப் போய், அலம்பும் தொட்டியில் வரிசையாகப் போட்டதும் அம்மா வாயைப் பிளந்து பார்ப்பார்.

"ஏன்டா, ஒண்ணுத்துல கூட முள்ளு குத்துன ஓட்டையே காணோம். அதெப்படி மூணும் ஒரே பிரசவத்துல பொறந்த மாதிரி இருக்கு?"