ஆயிரம் புறா, ஒரு வேட்டு, வெறும் வயல்

இங்கிலாந்தில் ஜனவரி பிறந்தால் வயல்காரரிடமிருந்து வரும் போன் ஒரே மாதிரிதான் இருக்கும். "ரேப்சீட்டில் புறா அப்பிக் கிடக்கு, பச்சையே தெரியல, உடனே வாங்க." எத்தனை என்று கேட்டால் ஆயிரத்துக்குக் குறைந்து சொன்ன வயல்காரர் இதுவரை பிறக்கவில்லை. அடித்துப்பிடித்துப் போய் நின்றால் பதினோரு புறா இருக்கும், அதிலும் நாலு காக்கை. "நேத்து வந்திருக்கணும்" என்பார். டிகாய், அதாவது இழுத்து ஏமாற்றும் பொம்மைப் புறா, வைத்துப் புறா சுடுகிறவர்கள் குளிர்காலம் முழுக்கக் கேட்கிற வாக்கியம் அதுதான்.

இது ரயில் நிலையத்தில் திரிகிற சாம்பல் புறா இல்லை. வுட் பிஜன் என்கிற காட்டுப்புறா. அரைக் கிலோ எடை, முக்கால் மீட்டர் இறக்கை விரிவு, கழுத்தில் வெள்ளைத் திட்டு, பறந்தால் இறக்கையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. பிரிட்டனில் சுமார் 50 லட்சம் ஜோடி கூடு கட்டுகின்றன. இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டையும் பீச் (beech) மரத்துக் கொட்டையும் தின்று காட்டுக்குள் கிடக்கும். அது தீர்ந்ததும் பச்சையைத் தேடி வெளியே வரும். ஆகஸ்டில் விதைத்த ரேப்சீட், அதாவது கனோலா எண்ணெய் ஆட்டுகிற கடுகினம், அந்த நேரத்தில் பந்தி விரித்துக் காத்திருக்கும். இலையைத் தின்றால்கூடப் பயிர் பிழைத்துவிடும். குருத்தைக் கிள்ளினால்தான் வினை: பூப்பது தள்ளிப்போகும், ஒரே வயலில் ஒரு பக்கம் முற்றி மறுபக்கம் பச்சையாக நிற்கும், அறுவடைக்கு நாள் குறிக்க முடியாது. பிரிட்டனில் 2012-ல் 7 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த இந்தப் பயிர், 2021-ல் சுமார் 3 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. 2013-ல் நியோனிகோட்டினாய்டு பூச்சிக்கொல்லி விதைநேர்த்தியைத் தடை செய்த பிறகு, தண்டைக் குடையும் ஒரு வண்டுக்குப் பயந்து பலர் விதைப்பதையே விட்டுவிட்டார்கள். விடாமல் விதைக்கிறவர் வயலுக்கு மூன்று ஊர்ப் புறாவும் வந்து சேருகிறது.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1981-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி எல்லாக் காட்டுப் பறவைக்கும் பாதுகாப்பு உண்டு, காட்டுப்புறாவுக்கும் உண்டு. பயிருக்குக் கடும் சேதம் வராமல் தடுக்க என்று பொது உரிமத்தின் கீழ்தான் சுடலாம். இங்கிலாந்தில் இப்போது அந்த உரிமத்துக்கு ஜிஎல்42 என்று பெயர். சும்மா பொழுதுபோகவில்லை என்று துப்பாக்கியைத் தூக்க முடியாது. விரட்டுகிற மற்ற வழிகளையும் முயன்றிருக்க வேண்டும்.

அந்த மற்ற வழிகளில் முதன்மையானது கேஸ் கன். சிலிண்டரில் புரொப்பேன், ஒரு குழாய், சில நிமிடங்களுக்கு ஒரு தடவை டமார். முதல் நாள் வயலே காலியாகும். மூன்றாம் நாள் சத்தம் கேட்டு ஒரு துள்ளு துள்ளிவிட்டு மேயும். ஒரு வாரத்தில், கோபுரத்துப் புறா கோயில் மணிக்குப் பழகின மாதிரி, அந்தக் குழாய் மேலேயே வந்து உட்காரும். இடத்தை ரெண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால்தான் அதற்கு மரியாதை. மாற்ற யாருக்கும் நேரமில்லை. கயிற்றுவெடி இன்னொரு வகை. மெல்லப் புகையும் தடித்த கயிற்றில் வெடிகளின் திரியை இடைவெளி விட்டுச் செருகி மரத்தில் தொங்கவிடுவது. காற்றடித்தால் ஒரு மணி நேரத்து வெடி இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும், தூறினால் கயிறே அணைந்துவிடும். இங்கிலாந்து ஜனவரியில் இந்த ரெண்டும் இல்லாத நாள் அபூர்வம்.

ஆகக் கடைசியில் டிகாய்க்காரர் வருவார். வந்ததும் செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. பைனாகுலரோடு வண்டியில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து, புறா எந்தக் காட்டிலிருந்து கிளம்புகிறது, எந்த வேலி மேலாக வருகிறது, எந்த மூலையில் இறங்குகிறது, பயந்தால் எந்த மரத்துக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பறக்கும் தடம் பெரும்பாலும் ஒரு வேலிக்கோட்டையோ, தாழ்வான நிலத்தையோ, தனி மரம் ஒன்றையோ ஒட்டிப் போகும். தடத்துக்குக் கீழே உட்கார்ந்தவருக்கு மோசமான பொம்மை வைத்தாலும் புறா வரும். தடத்துக்கு 200 கெஜம் தள்ளி உட்கார்ந்தவருக்கு எப்படி ஜோடித்தாலும் வராது. ஹாம்ப்ஷரில் புறா சுடுவதையே தொழிலாகச் செய்த மேஜர் ஆர்ச்சி கோட்ஸ் 1962 ஜனவரியில் ஒரே நாளில் 550 புறா சுட்டார். அந்த எண்ணிக்கையை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சுடுவதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் வயலைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்பதை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எட்டு மணிக்கு விடிந்து நாலு மணிக்கு இருட்டுகிற நாளில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார மனசு வராதுதான்.

அடுத்தது சுமை. மறைவிடம் கட்ட வலை ரெண்டு, கம்பு ஐந்து, பொம்மை இருபது முப்பது, புறாவைச் சுற்றவிடும் சுழலி, அதற்கு 12 வோல்ட் பேட்டரி, உட்கார ஸ்டூல், துப்பாக்கி, தோட்டா. 250 தோட்டா இருக்கிற பெட்டி 10 கிலோவுக்கு மேல் வரும். அன்றைக்கு 25 போதும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பெட்டியோடுதான் தூக்குவார்கள். வண்டியை வயல் வாசலிலேயே விட வேண்டும். பயிரை மிதிக்காமல் டிராக்டர் சக்கரம் போன தடத்திலேயே நடக்க வேண்டும். எஸ்ஸெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷர் பக்கத்துக் களிமண் என்றால் பத்தடிக்கு ஒருமுறை பூட்ஸை உதற வேண்டும். உதறினாலும் ஒரு காலுக்கு ரெண்டு கிலோ ஏறியிருக்கும்.

மறைவிடம் கட்டுவதில் குளிர்காலத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஜூலையில் வேலியே சுவர் மாதிரி இருக்கும். ஜனவரியில் அதே ஹாதார்ன் முட்செடி வேலி வெறும் குச்சி. முன்னால் மட்டும் வலை கட்டினால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் ஆள் உருவம் அப்படியே தெரியும். அதனால் பின்பக்கமும் ஒரு வலை வேண்டும். வலையின் நிறம் பச்சையாக இருக்கக் கூடாது, செத்த புல்லின் பழுப்பு வேண்டும். உட்கார்ந்தால் கண்ணளவு, நின்றால் நெஞ்சளவு உயரம். உறைபனி இறங்கிய காலையில் கம்பு மண்ணில் இறங்காது. கையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பியும் சுத்தியலும் இருந்தால் முதலில் துளை போட்டுக்கொள்ளலாம். பதினோரு மணிக்கு வெயில் பட்டுப் பனி இளகும்போது, அதே துளையில் கம்பு ஆடத் தொடங்கி, வலை மொத்தமும் தலையில் வந்து உட்காரும். முகமூடி கட்டாயம், முகம்தான் முதலில் பளிச்சென்று தெரியும். கண்ணாடி போட்டவர்கள் முகமூடியை மூக்குக்குக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் மூச்சு மேலே போய்க் கண்ணாடியில் புகை படியும், புறா வந்த சத்தம் மட்டும் கேட்கும்.

பொம்மை வைப்பதைப் பற்றி ஆளுக்கொரு வேதம் வைத்திருப்பார்கள். வேலை செய்வது எளிமையானதுதான். காற்று முதுகுப் பக்கத்திலிருந்து, ஒரு தோள் மேலாக வருகிற மாதிரி உட்கார வேண்டும். புறா காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அப்போது நேராக நம்மை நோக்கி வரும். குதிரை லாட வடிவில் பொம்மையை வைத்து, நடுவில் வெறும் இடம் விட வேண்டும். அந்த வெறும் இடம் மறைவிடத்திலிருந்து 20 முதல் 25 கெஜத்துக்குள் இருக்க வேண்டும். பொம்மைக்கும் பொம்மைக்கும் ரெண்டு மூன்று பெரிய எட்டு இடைவெளி. நெருக்கி வைத்தால், பயந்து கூட்டமாக எழும்பத் தயாராக நிற்கிற புறா போலத் தெரியும். தலை பொதுவாகக் காற்றுப் பக்கம், ஆனால் அணிவகுப்பு மாதிரி எல்லாமே ஒரே கோணத்தில் வேண்டாம். உறைபனியில் பிளாஸ்டிக் மேல் வெள்ளை படிந்து மின்னும், துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பஞ்சுப் பூச்சு உள்ளது மின்னாது. ஆனால் நனைந்தால் கறுத்துக் காக்கை ஆகிவிடும். பத்துப் புறா விழுந்ததும் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, செத்த புறாவைக் கம்பித் தொட்டிலில் வைத்தோ, தாடைக்குக் கீழே ஒரு சாண் குச்சி முட்டுக் கொடுத்தோ நிறுத்துவதுதான் சிறந்தது. மல்லாந்து விழுந்த புறாவை மட்டும் அப்படியே விடக் கூடாது. வெளிறிய வயிறு மேலே தெரிந்தால் அடுத்த புறா நூறு கெஜத்திலேயே திரும்பிவிடும்.

பிறகு சுழலி. ரெண்டு கை, ரெண்டு புறா, மோட்டார் சுற்றும், வெள்ளைப் பட்டை தூரத்திலிருந்து தெரியும். கோடையில் தங்கம். ஜனவரிக்குள் அந்தப் பக்கத்துப் புறா ஒவ்வொன்றும் அதை நாலைந்து வயலில் பார்த்திருக்கும். வரும், வரும், எண்பது கெஜத்தில் ஒரு நெளிவு நெளிந்து பக்கவாட்டில் போய்விடும். அப்படி மூன்று தடவை நடந்தால் யோசிக்காமல் அணைத்துவிட வேண்டும். அணைக்க மனசு வராது, வாங்கிய விலை அப்படி. அதற்கும் குளிர் ஒரு வழி வைத்திருக்கிறது: உறைநிலையில் லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மதியம் ரெண்டு மணிக்குச் சுழலி தானாகவே மூச்சை விடும், அதற்குப் பிறகு புறா நன்றாக வரத் தொடங்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் குளிர்காலத்தில் மண் கவ்வ வைப்பது கூட்டம்தான். கோடையில் புறா ரெண்டும் மூன்றுமாக வரும். ஒவ்வொரு சின்னக் கூட்டத்துக்கும் நம் பொம்மை புதுச் செய்தி. ஜனவரியில் எண்ணூறு புறா ஒரே உடம்பாக வரும். பொம்மைக்கு 150 கெஜம் தள்ளி முதல் வரிசை இறங்கும், பின்னால் வருகிறது அதைத் தாண்டி முன்னால் இறங்கும், அப்படியே உருண்டு உருண்டு வயலை மேயும். இப்போது வயலில் எண்ணூறு உயிருள்ள டிகாய், நம்மிடம் இருபத்துநாலு பிளாஸ்டிக். புதிதாக வருகிற புறா எதை நம்பும்? பொறுமை இழந்து துப்பாக்கி எட்டுகிற எல்லையில் பறந்த ஒன்றைச் சுட்டால், வயல் மொத்தமும் எழும்பும், வானம் ஒரு நிமிடம் சாம்பல் நிறமாகும், ரெண்டு மைல் தள்ளி அடுத்தவர் ரேப்சீட்டில் போய் இறங்கும். அன்றைக்குக் கணக்கு முடிந்தது. தோட்டா ஒன்று, புறா பூஜ்யம்.

இதற்கு ஓரளவு பலிக்கிற வழி, கூட்டத்தைச் சுடாமலே கிளப்பிவிடுவது. வந்ததும் கைதட்டியோ நாயை விட்டோ எழுப்பிவிட்டு, அவை போன பிறகு மறைவிடத்தைக் கட்டினால், திரும்பி வருவது பத்தும் ஐந்துமாகத்தான் வரும். அதிலும் பத்தை விட்டுவிட்டுத் தனியாக வருகிறதைத்தான் சுட வேண்டும். பத்தில் ஒன்றைச் சுட்டால் தப்பித்த ஒன்பதும் போய்ச் சேதி சொல்லும். ஆனால் பக்கத்து வயலில் ஆளோ கயிற்றுவெடியோ இல்லையென்றால் அவை ஏன் திரும்பி வர வேண்டும்? அங்கேயும் அதே பயிர், அதே ருசி, துப்பாக்கி மட்டும் இல்லை. நாலு பண்ணைக்காரர்கள் ஒரே நாளில் ஒத்துழைத்தால் நடக்கும். நாலு பண்ணைக்காரர்கள் ஒரே நாளில் ஒத்துழைப்பதற்குப் புறாவே பரவாயில்லை.

இப்படி வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் ஸ்டாக் டவ் என்கிற வேறு வகைப் புறா வரும். அளவில் சின்னது, கழுத்திலும் இறக்கையிலும் வெள்ளை கிடையாது, பொது உரிமத்தில் பெயர் இல்லை, சுடக் கூடாது. சுடக் கூடாது என்று அதற்கும் தெரியும் போல. நேராக வந்து, பொம்மைக்கு நடுவில், நாம் விட்டு வைத்த அந்த வெறும் இடத்திலேயே, பாடப்புத்தகத்தில் போட்ட மாதிரி இறங்கி, பிளாஸ்டிக்கோடு சேர்ந்து மேயும். பொம்மை வைத்தது சரிதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

விழுந்தது ஆறு புறாவாக இருந்தாலும் கிளம்புமுன் தீனிப்பையைக் கிழித்துப் பார்க்க வேண்டும். கழுத்துக்குக் கீழே அழுத்தினால் உள்ளே இருப்பது கையிலேயே தெரியும். கெட்டியாக உருண்டால் ஓக் கொட்டை. பச்சைக் கூழாக இருந்து முட்டைக்கோஸ் அழுகின வாடை அடித்தால் ரேப்சீட். கறுப்புக் குண்டுமணி அளவில் வழுவழுவென்று வந்தால் ஐவிக் கொடியின் பழம். ரேப்சீட் வயலில் சுட்ட ஆறிலும் ஓக் கொட்டை இருந்தால், அவை வயலுக்கு வரவில்லை, காட்டிலிருந்து காட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கின்றன. கொட்டை காய்த்துத் தள்ளிய ஆண்டில் ஜனவரி முழுக்க அப்படித்தான் இருக்கும். பொம்மையை மாற்றிப் பயனில்லை, கொட்டை தீரும்வரை வீட்டில் இருப்பதே செலவு குறைவு.

வயல்காரர் கணக்கு வேறு. நாள் முழுக்க ஆள் உட்கார்ந்திருந்து புறா இறங்காமல் இருந்தாலே அவருக்குத் திருப்தி. கேம்பிரிட்ஜ்ஷர் கார்ல்ட்டனில் பறவை ஆய்வாளர் ஆர். கே. மர்ட்டன் 1950-60களில் ஆண்டுக்கணக்கில் புறாவை எண்ணிப் பார்த்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: குளிர்காலத்தில் எவ்வளவு சுட்டாலும் வசந்தத்தில் மிஞ்சுகிற எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தீனிதான். அந்தக் காலத்தில் அரசு தோட்டாவுக்கு மானியமே கொடுத்துவந்தது. இன்றைக்குத் தோட்டா விலையையும், இறைச்சி வியாபாரி ஒரு புறாவுக்குக் கொடுக்கிற சில்லறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருப்பது நல்லது.

வயலில் பாச்சா பலிக்காதவர்களுக்குப் பிப்ரவரிச் சனிக்கிழமைகள் இருக்கின்றன. பிப்ரவரி 1-ல் பெசன்ட் (pheasant) என்கிற கோழியினப் பறவையைச் சுடும் பருவம் முடிந்ததும் காடுகள் காலியாகும். சுற்றுவட்டாரத்துக் காடுகளில் ஒரே நாளில் ஆளுக்கொரு மூலையில் நின்று, அடைய வரும் புறாவைச் சுடுவது வழக்கம். மதியம் ரெண்டரைக்குள் இடத்தில் நிற்க வேண்டும். காற்று பலமாக இருக்க வேண்டும், அப்போதுதான் புறா மரத்தின் உச்சியை ஒட்டித் தாழ வரும். காற்று விழுந்துவிட்டால் அறுபது கெஜ உயரத்தில் வட்டமடித்து, கடைசித் துப்பாக்கியும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு இறங்கும். சனிக்கிழமை காலை வரை அடிக்கிற காற்று, மதியம் ரெண்டு மணிக்கு விழும்.