முன்னாள் படைவீரர் அட்டையும் என் மனைவியின் இரண்டு பெயர்களும்

24 ஆண்டு சர்வீஸ் முடித்து ஹவில்தாராகப் பென்ஷன் வந்தேன். கிளம்புவதற்கு முன் எத்தனையோ பொருள்களை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவற்றில் ஐ.டி. கார்டைக் கொடுத்தபோது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. அதன் பிறகு நம்மிடம் மிஞ்சுவது டிஸ்சார்ஜ் புக் என்ற பணி விடுவிப்புப் புத்தகமும் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையும்தான். இரண்டும் தொலைக்கக் கூடாத அசல் ஆவணங்கள். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிய முடியாது. நான்கு பேரிடம் எடுத்து நீட்ட ஓர் அட்டை வேண்டும். அதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

புதிதாகப் பென்ஷன் வந்தவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான். மாவட்ட அலுவலகம் தருவது அடையாள அட்டை. மருத்துவத்துக்கான இ.சி.எச்.எஸ். அட்டை வேறு, அது 2003 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். கேன்டீன் கார்டு இன்னொன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றின் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு அவசரம் இருந்தது. மகள் பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருந்தாள். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் பிரதம மந்திரி கல்வி உதவித்தொகையில் பெண்களுக்கு மாதம் 3000 ரூபாய், ஆண்களுக்கு 2500. அதற்கு மாவட்ட அலுவலகத்தின் சான்று வேண்டும்.

அலுவலகத்தில் இருந்த பெண் ஊழியர் டிஸ்சார்ஜ் புக்கை அவசரமில்லாமல் புரட்டினார். குடும்ப விவரம் உள்ள பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஆதார் நகலைப் பார்த்தார். மறுபடியும் புக்கைப் பார்த்தார்.

“சார், உங்கள் வீட்டம்மா பெயர் தமிழ்ச்செல்வியா, செல்வி தேவியா?”

திருமணமான புதிதில் அந்த விவரத்தைப் பதிந்த கிளார்க் வடக்கே உள்ளவர். அவர் ஊர்ப் பக்கம் கல்யாணமான பெண்களின் பெயருக்குப் பின்னால் ‘தேவி’ சேர்ப்பது சாதாரணம். என் மனைவிக்கும் தாராளமாக ஒன்றைச் சூட்டிவிட்டார். முன்னால் இருந்த ‘தமிழ்’ அவர் வாயில் நுழையவில்லை போலும். சர்வீஸ் முழுவதும் அந்தப் பெயர் யார் கண்ணையும் உறுத்தவில்லை. சம்பளம் என் கணக்கில்தானே ஏறியது!

மகளின் பெயரைப் பதிந்தவர் வேறொருவர்; அதில் பிழையில்லை. அதனால் உதவித்தொகைக்கான சான்று தடையின்றிக் கிடைத்தது. அடையாள அட்டையைத்தான் அந்த ஊழியர் நிறுத்தி வைத்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்ன காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரப்போகிறவர் என் மனைவி. ‘செல்வி தேவி’யும் இவரும் ஒருவரே என்று சாட்சி சொல்ல அப்போது நான் இருக்க மாட்டேன்.

எங்கள் பணி விவரங்களை வைத்திருக்கும் ராணுவ ஆவண அலுவலகமான ரெகார்ட்ஸுக்கு எழுதினேன். நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், மனைவியின் ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புக் நகல் எல்லாவற்றையும் மாவட்ட அலுவலகம் வழியாக அனுப்பினேன். நெடுநாள் கழித்து வந்த பதிலில், ஏற்கெனவே அனுப்பிய ஒன்றையே திரும்பக் கேட்டிருந்தார்கள். பதிவுத் தபால் ரசீதையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். ராணுவத்தில் பழகிய பொறுமை இதற்குப் போதாது. வீட்டில் பழகிய பொறுமைதான் கைகொடுத்தது. கடைசியில் பணிப் பதிவில் மாற்றத்தை ஏற்றும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவு வெளியாகிப் பெயர் திருந்தியது. அதை வைத்து பி.பி.ஓ.விலும் திருத்தம் வர வேண்டும். அது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தின் வேலை.

இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பிகள் அடுத்த முறை யூனிட் கிளார்க்கைப் பார்க்கும்போது மனைவி, பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்கட்டும். யூனிட்டில் இருக்கும்போது பக்கத்து அறைக்குப் போய்ச் சொன்னால் போதும். வெளியே வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் தபால்தான். இனிஷியலை முன்னால் போடுவதா, விரித்து எழுதுவதா என்பதில் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கு காத்திருக்கிறது. அதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அட்டை வாங்குவது எளிதாகவே முடிந்தது. என்னோடு பென்ஷன் வந்த நண்பர் தன் அட்டையோடு மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அதே நண்பர்தான் சுங்கச்சாவடியில் அட்டையை நீட்டிப் பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் முழுவதையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுங்க விலக்கு பணியில் இருப்பவர்களுக்குத்தான், பென்ஷன் வந்தவர்களுக்கு இல்லை. காசைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.