10 ரூபாய் டோக்கனும் தீர்மான நகலும்

அம்மாவை வாரத்தில் 3 நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறேன். கிளினிக் எங்கள் ஊர்ச் சந்தையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. அங்கே ஸ்கூட்டரை நிறுத்தினால் ஒரு பையன் வந்து டோக்கன் கிழித்துத் தருவான், 10 ரூபாய். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிய வாரத்தில் அது 20 ஆகிவிட்டது. ரோஸ் நிறத் துண்டுக் காகிதம். 10-ஐப் பேனாவால் அடித்து மேலே 20 என்று எழுதியிருந்தார்கள். தேதி, வரிசை எண், முத்திரை எதுவும் இல்லை.

“எனக்குத் தெரியாதுக்கா, குத்தகைக்காரங்க சொன்னதுதான்” என்றான் பையன். நாள் கூலிக்கு மழையில் நிற்கிறவனிடம் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. வார்டு கவுன்சிலருக்குப் போன் போட்டேன். “மன்றத்துல தீர்மானம் போட்டது 10 தானேம்மா” என்றார். சரி, அந்தத் தீர்மானத்தையே வாங்கிவிடலாம் என்று மன்ற அலுவலகத்துக்குப் போனால், “உங்களுக்கு எதுக்கு அது?” என்று கேட்டார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-இல். தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அதன் 6(2) பிரிவே சொல்கிறது. ஆனால் நான் முதலில் எழுதிய மனுவில் “ஏன் 20 வாங்குகிறார்கள்?” என்றுதான் கேட்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமா, ரிட்டயர்ட் கிளார்க், அதை அடித்துவிட்டார். “ஏன்னு கேட்டா பதில் வராது மக்ளே, காகிதத்தைக் கேளு.” அப்படியே தீர்மான நகல், குத்தகை ஒப்பந்த நகல் என்று இரண்டை மட்டும் கேட்டு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தது பின்னால் ரொம்ப உதவியது.

30 நாள் ஆகியும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டேன், அதற்குக் கட்டணம் கிடையாது. கெடு தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்ற 7(6) பிரிவையும் அதில் குறிப்பிட்டேன். அப்புறம்தான் தபாலில் தீர்மான நகல் வந்தது.

இருசக்கர வாகனத்துக்கு 10 ரூபாய், கட்டணப் பலகை வைக்க வேண்டும், எண் அச்சிட்ட ரசீது தர வேண்டும். எல்லாம் அதில் இருந்தது.

அந்த நகலை இணைத்து, ஒரு திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். மூன்றாவது வாரம் தெருமுனையில் பலகை வந்தது. “இப்போ யாரும் என்னைத் திட்டுறதில்லைக்கா” என்று சொல்லிக்கொண்டே பையன் எண் போட்ட டோக்கனைக் கிழித்துத் தந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒப்பந்த நகல் மட்டும் இன்னும் வரவில்லை. மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. மனுவை எழுதிவிட்டேன், மாமா ஒருமுறை பார்த்துத் தர வேண்டும்.