பத்தின் அடுக்குகள் கடைசியில் ஒழுங்குக்கு வந்தன

கடலூர் தேவனாம்பட்டினம் கடல்நீர் 5.02 × 10⁰. முதுநகர் வீட்டுக் கிணறு 1.18 × 10⁻¹. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 2.40 × 10⁻⁴. மூன்றும் மின்கடத்துதிறன், மீட்டருக்கு சீமென்ஸ் அலகில். புள்ளிக்கு முன் ஓரிலக்கமும் பின்னால் பத்தின் அடுக்குமாக எழுதும் இந்த அறிவியல் வடிவில், என் பைத்தான் நிரல் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடும்போது புள்ளிக்கு நேர்கீழே புள்ளி நிற்கிறது. பார்க்கப் பார்க்க நிறைவாக இருக்கிறது.

அடுக்கைக் கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம். எண்ணுக்கு மடக்கை (log) எடுத்து, அதைக் கீழ்முழு எண்ணாக்கி அடுக்காகக் கொண்டு, பத்தின் அந்த அடுக்கால் எண்ணை வகுக்கும் வழியைத்தான் பலரும் சொல்கிறார்கள். அதை நம்பாதீர்கள். 0.09996 வந்தால் அடுக்கு −2, பெருக்கல் குறிக்கு முன் நிற்கும் முன்னெண் 9.996. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கியதும் 10.00 × 10⁻² என்று அச்சாகும். புள்ளிக்கு முன் ஈரிலக்கம்! பொதுவான மடக்கைச் சார்புக்கு அடிமானம் 10 என்று கொடுத்து 1000-ஐக் கேட்டால் 2.9999999999999996 என்கிறது, கீழ்முழு எண் 2 ஆகிவிடும். சுழியம் வந்தாலோ நிரலே நின்றுவிடும்.

பைத்தானின் '.2e' வடிவக்குறியிடமே வேலையை விட்டுவிட வேண்டும். முதலில் சுருக்கி, பிறகே அடுக்கை முடிவுசெய்கிறது. 0.09996 தவறாமல் 1.00e-01, அதாவது 1.00 × 10⁻¹ ஆகிறது. கிடைத்த எழுத்துச் சரத்தை 'e' எழுத்தில் வெட்டி, பின்பாதியை முழு எண்ணாக மாற்றினால் முன்னால் ஒட்டிய சுழியமும் கூட்டல் குறியும் உதிர்ந்துவிடும்.

மேலெழுத்து இலக்கங்கள் தனித் தொல்லை. யூனிகோடில் ¹ ² ³ மூன்றும் ஒரு தொகுதியில், மற்றவை வேறொரு தொகுதியில். வரிசையெண்ணோடு கூட்டிப் பெற முடியாது. பத்து இலக்கத்துக்கும் கழித்தல் குறிக்கும் மாற்றுப் பட்டியல் எழுதியே தீர வேண்டும். சில எழுத்துருக்களில் ² பெரிதாகவும் ⁴ சிறிதாகவும் தெரிவது எனக்குத் தாங்கவே முடியவில்லை. எழுத்துருவை மாற்றினேன்.

கடத்துதிறன் அளக்கும் மின்முனையைப் புதுச்சேரியில் ஒரு கடையில் வாங்கினேன். அளவீட்டைச் சரிபார்க்க உதவும் அளவுத்திருத்தக் கரைசல் கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே இழுக்கிறார்கள். அது வரும்வரை மேலே உள்ள மூன்றாம் இலக்கத்தை நான் முழுதாக நம்பப்போவதில்லை.

இதற்கிடையில் அடுக்கை மூன்றின் மடங்காக்கும் பொறியியல் வடிவத்தைத் தொடங்கிவிட்டேன். கிணற்று நீர் 118 × 10⁻³ ஆகும். மில்லி சீமென்ஸாக அப்படியே படிக்கலாம். −1-ஐ 3-ஆல் வகுத்தால் பைத்தான் மீதி 2 தருகிறது, புள்ளியை அத்தனை இடம் நகர்த்தினால் போதும். சி மொழியில் மீதி −1 வரும். அதே வழியில் நிரலெழுதும் ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகைக்கு இதைக் கொண்டுபோகும்போது, மீதி சுழியத்துக்குக் கீழே போனால் மூன்றைக் கூட்ட வேண்டும். உப்பனாற்றில் ஏற்றவற்ற நேரத்தில் அளக்கப் போவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.