டிவியில் பார்த்த ராயபுரமும் நான் குடிவந்த ராயபுரமும்

மலேசியாவின் சிரம்பானில் பிறந்து வளர்ந்த நான், திருமணமாகி பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது 2019 கடைசியில். எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை நெரிசல், கல்மண்டபம் மார்க்கெட், விடிவதற்குள் தெருமுனையில் வந்து நிற்கும் தண்ணீர் லாரி, பேச்சில் வந்து விழும் ‘இன்னா’, ‘கீது’ எல்லாம் பழகுவதற்குள் கொரோனா வந்துவிட்டது. புதிதாகக் குடிவருகிறவர்கள் ஊரைச் சுற்றிப் பார்த்துத்தான் பழகுவார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் அரசாங்கத்தையும் டிவியையும் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டே இந்த நாட்டைப் பழகினேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. இந்த மக்களைப் பற்றி அன்றைக்குச் சொல்லப்பட்டது நியாயமே இல்லை.

சென்னை மாநகராட்சிக்கு அப்போது 15 மண்டலங்கள். ஐந்தாவது மண்டலம் ராயபுரம், எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையும் அதில்தான். தினமும் மண்டலவாரியாக எத்தனை பேருக்குத் தொற்று என்று ஒரு பட்டியல் வெளியாகும். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் ராயபுரம்தான் அதில் மேலே இருந்தது. ஜூன் நடுவில் எங்கள் மண்டலத்தின் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. ‘ராயபுரம் தொடர்ந்து முதலிடம்’ என்று டிவியின் அடிப்பட்டியில் ஓடும். நோய் எண்ணிக்கையைப் பரீட்சை மார்க் மாதிரி வாசித்தார்கள். அந்த வாசிப்பின் பலன் உடனே தெரிந்தது. மேல்வீட்டு அக்கா தென்சென்னையில் ஓர் அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். ஊரடங்கைத் தளர்த்தியபின் பக்கத்துப் பேட்டைக்காரர்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இவரை மட்டும் கேட்டிலேயே நிறுத்தி, “நீங்க ராயபுரம் பக்கம்தானே, அப்புறம் சொல்றோம்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அக்காவுக்கு ஒருநாள்கூட காய்ச்சல் வரவில்லை.

எண்ணிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. தொற்று இங்கே அதிகம்தான். ஏன் அதிகம் என்று யார் சொன்னார்கள்? விவாத மேடையில் உட்கார்ந்தவர்கள் ‘மக்களின் அலட்சியம்’ என்ற இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஒண்டுக் குடித்தனம். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், ஆறு பேர். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், ஒரு அடிபம்பு. வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் ‘தனி அறையில், தனிக் கழிவறையோடு இருங்கள்’ என்று அறிவுரை. தனி அறைக்கு எங்கே போவார்கள்? தண்ணீர் லாரி வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடத்தான் வேண்டும். இடைவெளி விட்டு நின்றால் தண்ணீர் தீர்ந்துபோகும். சேர்ந்து வாழ்ந்தால் பரவும் நோய் இது. நூறு வருஷத்துக்கும் மேலாகத் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் வேலைக்கு வந்தவர்களை இப்படி நெருக்கி வாழவைத்துவிட்டு, நெருங்கி நின்றதற்காக அவர்களையே திட்டினால் எப்படி?

ஏப்ரல் கடைசியில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அரசாங்கம் அறிவித்தது. மளிகைக் கடையும் இல்லை, காய்கறிக் கடையும் இல்லை. அறிவிப்புக்கும் ஊரடங்குக்கும் நடுவில் இருந்தது ஒரேயொரு நாள். அன்றைக்கு ஊரே கடைத்தெருவில்தான் இருந்தது. சாயங்காலம் எல்லா சேனலிலும் அந்தக் கூட்டம்தான் ஓடியது, ‘கட்டுப்பாடு இல்லாத மக்கள்’ என்று. எதிர்வீட்டு ஆயா, காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் விற்றவர், எங்கள் வீட்டு டிவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாலு நாளு கட இல்லன்னு சொன்னா, அன்னாடம் வாங்கித் துன்றவன் இன்னாமா பண்ணுவான்? ஃபிரிட்ஜு வச்சிகினு கீறவன் வூட்லயே குந்திக்கலாம்.” அதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் அன்றைக்குப் பேசவில்லை. அந்த நாட்களையொட்டித்தான் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் போனது. மே 5ஆம் தேதி மார்க்கெட்டையே மூடினார்கள்.

நான் இதையெல்லாம் இவ்வளவு கவனித்ததற்கு என் பிள்ளைப்பருவமும் ஒரு காரணம். நான் பிறந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில்தான் புக்கிட் பெலாண்டோக் இருக்கிறது, சுங்கை நிப்பா கிராமம் இருக்கிறது. 1998, 1999இல் அங்கே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அரசாங்கம் சொன்னது. புகை அடித்தார்கள், அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். கொசு எல்லோரையும்தான் கடிக்கிறது, பன்றியைத் தொட்டுப் பிழைப்பவர்கள் மட்டும் ஏன் சாகிறார்கள் என்று அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர்கள் கேட்டது சரி என்று ஆனது. அதற்குள் எத்தனையோ உயிர் போய்விட்டது. மொத்தம் 105 பேர். அந்த வைரஸுக்குத்தான் நிப்பா என்று அந்தக் கிராமத்தின் பெயரையே வைத்தார்கள். நோய் நடக்கிற இடத்தில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதை, தூரத்தில் இருக்கும் அலுவலகம் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் உயிர் கொடுத்துக் கற்ற பாடம்.

2020 மார்ச் 18 முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. சாயங்காலம் ஆனால் சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா வந்து அமைதியாகப் பேசுவார். அம்மா அதைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்வார். இங்கே சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் வந்து பேசுவார். முதல் சில வாரங்கள் எங்கள் தெருவும் அதைத் தவறாமல் பார்த்தது. ஓர் அதிகாரி தினமும் வந்து நேரே மக்களிடம் பேசியதில் ஒரு மரியாதை இருந்தது, ஜனங்களுக்கு அது பிடித்தும் இருந்தது. என் நாட்டைத் தூக்கிவைத்துப் பேச நான் வரவில்லை. அதே 2020 மே தொடக்கத்தில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், ஊரடங்கு நடுவிலேயே ஆவணம் இல்லாத அந்நியத் தொழிலாளர்களைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது நான் இன்னொரு நாட்டில் அந்நியப் பிரஜையாக இருந்தேன். மனசு பதறிப்போனது.

இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி நடந்த விஷயம் ஒன்று உண்டு. மலேசியாவில் ஸ்ரீ பெட்டாலிங்கில் நடந்த, தப்லீக் என்ற இஸ்லாமியப் பிரசார இயக்கத்தின் கூட்டம், இந்தியாவில் அதே இயக்கத்தின் டெல்லி நிஜாமுதீன் கூட்டம். இரண்டிலும் போய்வந்தவர்களிடையே தொற்று பரவியது உண்மை. போய்வந்தவர்களைத் தேடிப் பரிசோதிப்பதும் அவசியம். ஆனால் சில நாட்கள் இங்கே அறிக்கையில் அந்தக் கூட்டமே தலைப்பாக இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகு ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று மாற்றினார்கள். நோய்க்கு மதச் சாயம் பூசாதீர்கள் என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியும் கேட்டுக்கொண்டார். அதற்குள் வாட்ஸ்ஆப்பில் வேலை முடிந்துவிட்டது. எங்கள் தெருமுனை பாய் கடையில் மூன்று தலைமுறையாக அக்கவுண்ட் வைத்துப் பொருள் வாங்கிய வீடுகள்கூட சில நாட்கள் சுற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போயின. அத்தை போகவில்லை. வழக்கமான நேரத்துக்கு வழக்கமான பையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனார். கடைக்கு வெளியே நின்று, தெரு முழுக்கக் கேட்கிற குரலில், “பாய், அரை கிலோ துவரம்பருப்பு” என்றார். அத்தைமேல் எனக்கு மதிப்பு பிறந்தது அந்த நாளில்தான்.

ஜனங்கள் எல்லாவற்றிலும் சரியாகவே நடந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அதே ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மூத்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்க விடாமல் நகரத்தில் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. கூட வந்த மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடவேண்டி வந்தது. எங்கள் தெரு அன்றைக்குத் தலைகுனிந்து இருந்தது. பிறகு அரசாங்கம் இதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி அவசரச் சட்டம் போட்டது. சட்டம் சரிதான். ஆனால் முறைப்படி அடக்கம் செய்த உடலிலிருந்து நோய் பரவாது என்ற விஷயத்தை அதற்கு முன்பே, தினம் ஓடிய அத்தனை மணி நேர ஒளிபரப்பில் யாராவது ஒரு பத்து நிமிஷம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். பயத்தை மட்டும் நாள் முழுக்க ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

இறப்பு எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு மே மாதமே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே மூலக்கொத்தளம் சுடுகாடு. ஸ்டான்லி மருத்துவமனையும் நடந்து போகிற தூரம்தான். எந்தத் தெருவில் யார் போனார்கள் என்பது இங்கே மறைக்க முடியாத விஷயம். சாயங்காலம் டிவியில் வரும் எண்ணைக் கேட்டுவிட்டு, “இது மொத்த சென்னைக்குமா? நம்ம பக்கம் மட்டுமே இத்தினி பேரு கீதே” என்று விரல்விட்டு எண்ணுவார்கள். வதந்தி பரப்பாதீர்கள் என்று ஒரு பக்கம் எச்சரிக்கை. ஜூனில் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் சுகாதாரத் துறை அறிக்கைக்கும் வித்தியாசம் இருப்பது செய்தியானது. அதைக் கொண்டுவந்தவர்களும் செய்தியாளர்கள்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஒரு குழு போட்டு ஆராய்ந்து, ஜூலை 22ஆம் தேதி, விட்டுப்போன 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தார்கள். விரல்விட்டு எண்ணியவர்கள் சொன்னது வதந்தி இல்லை என்று அன்றைக்கு அரசாங்கமே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த வாசலில் யாரும் சந்தோஷப்படவில்லை. “செத்தவங்கள சேத்தாங்களே, அது போதும்” என்றார் ஆயா. கணக்கில் வராத சாவு அந்த வீட்டாருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நடுவில் ஜூன் 12ஆம் தேதி சுகாதாரச் செயலாளர் மாறினார். ஜே. ராதாகிருஷ்ணன் வந்தார். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் கலெக்டராக இருந்தவர் என்பது காசிமேட்டுக்காரர்களுக்கு நினைவிருந்தது. அது ஒரு தெம்பு. ஆனால் எங்கள் தெருவில் நிலைமை மாறியதற்கு நான் கண்ணால் பார்த்த காரணம் வேறு. ஜூன் 19 முதல் மறுபடி முழு ஊரடங்கு வந்த சமயம், வீடுவீடாக வந்து காய்ச்சல் கேட்பவர்கள் தினமும் வர ஆரம்பித்திருந்தார்கள். வந்தவர்கள் இதே பேட்டைப் பெண்கள். முன்பெல்லாம் காய்ச்சல் என்றால் மறைப்பார்கள். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், தகரம் அடிப்பார்கள், தெருவே பார்க்கும், டிவியும் வரும் என்ற பயம். இந்தப் பெண்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “அக்கா, ராவு இருமினியாமே, முகாமுக்கு வா, நானும் கூட வரேன்” என்றார்கள். மறுநாளும் வந்தார்கள். மறைக்க முடியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. நம்பிக்கை அப்படித்தான் வந்தது. அந்தப் பெண்களில் யாரையும் ஒரு டிவி விவாதத்திலும் நான் பார்க்கவில்லை.

2021 ஏப்ரலில் மறுபடி ஒரு சோதனை. நடிகர் விவேக் ஓமந்தூரார் மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, அதற்கு அடுத்த நாள் 17ஆம் தேதி காலமானார். தமிழ்நாடே அழுதது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் செயலாளரும் உடனே சொன்னார்கள். அக்டோபரில் தேசியக் குழுவும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. ஆனால் சேனல்கள் ஊசி போட்ட படத்தையும் ஆம்புலன்ஸ் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே இருந்தன. எங்கள் தெருவில் ஒருவர்கூட ஊசிக்குப் போகத் தயாராக இல்லை. இரண்டாவது அலை வந்து ஆக்சிஜனுக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற மே மாதத்தில்கூடத் தயங்கினார்கள்.

பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். ஆயாவை நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அங்கிருந்த நர்ஸிடம் ஆயா நேராகவே கேட்டார்: “விவேக்கு செத்துட்டாரே, எனுக்கு சுகரு கீது, பிரஷரு கீது, நான் போட்டுக்கலாமா?” நர்ஸ் அவரை அதட்டவில்லை. உட்காரவைத்து பிரஷர் பார்த்தார். விவேக்குக்கு முன்பே இதயக் குழாயில் அடைப்பு இருந்திருக்கிறது, அது ஊசியால் வந்தது இல்லை என்றார். ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், கை வலிக்கும், போட்டபிறகு அரைமணி நேரம் இங்கேயே உட்காருங்க, ஏதாவது ஒண்ணுன்னா நான் இங்கதான் இருக்கேன் என்றார். ஆயா இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், அதற்கும் பதில் வந்தது. சட்டென்று முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினார். அடுத்த வாரம் கடலிலிருந்து கரைக்கு வந்த தன் மகனையும், கூடவே மேல்வீட்டு அக்காவையும் அவரே அந்த முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனார்.