தொடை வலியுடன் வந்த லாங் கேஸ்: நீரிழிவுத் தசை இன்ஃபார்க்ஷன்

பொது மருத்துவ முதுநிலைச் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டேன் என்ற செய்தி வந்த கையோடு இதை எழுதுகிறேன். எனக்கு லாங் கேஸாக (ஒரு நோயாளியை விரிவாகப் பரிசோதித்துத் தேர்வாளரிடம் விளக்கும் பகுதி) வாய்த்தது, பாடநூல்கள் ஒரு பத்தியில் கடந்துவிடும் நீரிழிவுத் தசை இன்ஃபார்க்ஷன், அதாவது நீரிழிவு நோயாளியின் தசை குருதியோட்டம் குன்றி மடிவது.

நெடுங்கால நீரிழிவு, திடீரெனத் தொடங்கிய தொடை வலி, வீக்கம், காய்ச்சலின்மை ஆகியவற்றைக் கேட்டதும் ஆழ்சிரை இரத்த உறைவு, சீழ்த்தசை அழற்சி என்று சொல்லத் தோன்றும். சொல்லத்தான் வேண்டும், டாப்ளர் (குருதியோட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்க்காமல் மேலே போகவும் கூடாது. ஆயினும் எனக்கு மதிப்பெண் பெற்றுத் தந்தது, காலைத் தொடுவதற்கு முன்பே விழித்திரையையும் சிறுநீர்ப் புரதத்தையும் பார்த்து, அவற்றையே வாதத்தின் முதற்படியாக வைத்ததுதான். நுண்குருதிக் குழாய்கள் பல உறுப்புகளில் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கே இந்நோய் பெரும்பாலும் வருகிறது. இந்த ஒன்றை நான் மிகைப்படுத்துவதாக உடன் படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு:

- தொடையின் முன்புறத் தசைகளே மிகுதியும் பாதிக்கப்படுகின்றன, அடுத்தது கெண்டைக்கால். இரு கால்களிலும் வரக்கூடும் என்பதால் வலியில்லாத காலையும் அழுத்திப் பாருங்கள்.
- சி.கே. (தசை சிதையும்போது இரத்தத்தில் கூடும் நொதி) இயல்பாகவே இருக்கலாம். அதைக் காட்டித் தசை நோயை விலக்கிவிடாதீர்கள்.
- எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் (நீர் வெண்மையாகத் தெரியும் பட வகை) தசை வெண்மையாக ஒளிரும். தசையுறையை ஒட்டி நீர் தெரியும்.
- காடோலினியம் (எம்.ஆர்.ஐ.க்கு ஊசி வழியே செலுத்தும் மாறுபாட்டு மருந்து) கேட்பதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லிவிடுங்கள்.

பயாப்சி (சோதனைக்காகத் தசைத் துண்டை எடுத்தல்) எடுப்பீர்களா என்ற கேள்விக்குத் தனியாகத் தயாராகுங்கள். 1965-இல் ஆங்கர்வாலும் ஸ்டெனரும் இரு நோயாளிகளிடம் இதை முதன்முதலில் விவரித்தபோது கட்டி போன்ற தசைச் சிதைவு என்றே குறித்தார்கள். பார்ப்பவருக்கு இன்றும் கட்டியோ சீழோ என்ற ஐயம் எழுவதும், கத்தியை எடுக்கத் தோன்றுவதும் இயல்பே. ஆனால் நோயாளியின் பின்னணியும் எம்.ஆர்.ஐ.யும் பொருந்தி வந்தால் பயாப்சி தேவையில்லை. தசையை வெட்டியெடுப்பது குணமடைதலைத் தாமதப்படுத்துகிறது. தொற்று என்ற ஐயம் நீங்காதபோதும், எதிர்பார்த்தபடி குறையாதபோதும் மட்டும் எடுப்பேன் என்று நிபந்தனையோடு விடை சொல்லுங்கள். வெறும் "இல்லை" போதாது.

சிகிச்சையில் பேச அதிகமில்லை: ஓய்வு, வலி நிவாரணம், சர்க்கரைக் கட்டுப்பாடு, பலரும் சேர்க்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின். சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு இப்யூபுரூஃபன் போன்றவற்றைச் சொன்னால் தேர்வாளர் அங்கேயே பிடித்துக்கொள்வார். கடும் வலியுள்ள நாட்களில் இயன்முறைப் பயிற்சி வலியைக் கூட்டும். அன்றாட நடமாட்டத்தைப் பின்னர் படிப்படியாகத் தொடங்கலாம். வாரங்களிலோ மாதங்களிலோ கால் சரியாகிவிடும் என்பதோடு நிறுத்தாமல், அதே காலிலோ மறுகாலிலோ திரும்ப வரலாம் என்பதையும், இந்நோயாளிகளின் ஆயுளைக் குறைப்பது தசையன்று, பரவலான குருதிக் குழாய் நோயே என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.